கடைசி இரண்டு இலக்கம்

பதவி உயர்வுக் கடிதத்தோடு
ஒரு எக்செல் கோப்பும் வந்தது.
இனி இது உங்கள் கையெழுத்தில் என்றார் பத்ரி சார்.
கடன் கொடுக்கக் கூடாத இடங்கள்,
சிவப்பில், பின்கோடு வரிசையில்.
நாற்பத்தோராவது வரியில் என் வீடு.

கிண்டியில் ஒன்பதாவது மாடி.
துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.
கீழே ஒரு மெட்ரோ ரயில்
யாரையும் கேட்காமல் வளைந்து போனது.

இந்த நாற்காலிக்கு நான் வந்த வழி
அப்படி வளைந்ததுகூட இல்லை, முட்டி முட்டித் திரும்பியது.
தி. நகர் ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடம்
நகைக்கடை பில்களுக்குப் பச்சை மையில் டிக்.
இரண்டாம் குரூப்பில் இரண்டு முறை தோல்வி.
தேறிய அன்று மழை,
கணேசபுரம் சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் பிடித்தபடி போனில் அப்பாவிடம் சொன்னேன்.
"அப்போ இனிமே நீ கையெழுத்துப் போட்டா செல்லுமா?"
செல்லும் என்றேன்.

ரிஸ்வானைக் கூப்பிட்டு
பட்டியல் யார் போட்டது என்று கேட்டேன்.
பன்னிரண்டு வருடம் முன்பு, வேலையை விட்டுப் போன ஒருவர்.
காரணம் என்ற கட்டத்தில்
'பொதுவாகத் தெரிந்ததே.'
வாராக்கடன் எவ்வளவு?
"கொடுத்தாத்தானே மேடம் வாராம போகும்."
சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
என் முகவரி அவனுக்குத் தெரியும்.
மற்ற பத்துப் பேருக்கும் அவன் சொல்லவில்லை.

ஞாயிறு காலை
இரவுப் பாடசாலை காலியாக இருக்கும்.
அங்கேதான் சங்கத்துச் சீட்டுக் கணக்கு,
ஆறு வருடமாக என் கையில்.
அறுபத்திரண்டு பெண்கள்.
பஜ்ஜிக் கடை மரியபுஷ்பம் அக்கா
அந்த டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது
டிவியை விட்டுவிட்டு
நோட்டைப் பரணில் ஏற்றியவள்.

அந்த நோட்டைத்தான் கமிட்டிக்கு எடுத்துப் போனேன்.
எண்ணெய்க் கறை. ஒருவர்
விரல் படாமல் பேனாவால் பக்கம் திருப்பினார்.
"தணிக்கை செய்யாத கணக்கு இது."
செய்தது. ஞாயிறுதோறும். நான்.
யாரோ பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்டது.
சரி, நாற்பது கடன், ஆறு மாதம்,
பொறுப்பு உங்களுடையது என்றார்கள்.

பொறுப்பு என்றால் தூக்கம் குறைவது
என்று யாரும் எழுதித் தரவில்லை.
நான்காம் மாதம் இரண்டு தவணை நின்றது.
வெல்டிங் பட்டறைக்காரர் வெள்ளிக்கிழமையே கட்டிவிட்டார்.
இன்னொன்று மரியபுஷ்பம் அக்கா.
என் டீம் பெண் பேசிய அழைப்பை
ஹெட்போனில் கேட்டேன்.
கிரைண்டர் கல் உடைஞ்சு போச்சும்மா, பத்து நாள்.
பிறகு ஒரு இருமல்.
பிறகு, கொஞ்சம் தணிந்து:
"எங்க தெருப் பொண்ணு ஒண்ணு அங்க பெரிய வேலையில இருக்கு,
அதுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

பதில் சொல்லும் தாளில்
அந்தக் கேள்விக்கு வரி இல்லை.
டீம் பெண் சும்மா இருந்தாள்.

பத்தாம் நாள் ஞாயிறு.
நாற்காலி போட்டாள், முகம் பார்க்கவில்லை.
டீ வைத்தாள், தட்டின் கீழ் மடித்த நோட்டுகள்.
"எண்ணிக்கோ. ரசீது குடு."
நான் ரொக்கம் வாங்கக் கூடாதுக்கா, விதி இருக்கு.
"விதியா? சரி, விதியைக் கூப்பிடு."

கூப்பிட்டேன்.
அம்பத்தூரிலிருந்து பைக்கில் வந்தான் ரிஸ்வான்,
கிரிக்கெட் பனியன், ரசீதுப் புத்தகம்.
ஒரு தட்டு பஜ்ஜி முடிகிறவரை
அவனை எழுத விடவில்லை அக்கா.
பிறகு கையைத் துடைத்துக்கொண்டு
பெயர், தொகை, தேதி,
தெரு, கதவு எண் எழுதினான்.
பேனாவை மூடப் போனான்.

"பின்கோடு போடலியே தம்பி"
என்றாள், ரசீதின் மேல் குனிந்து.
ஆறு இலக்கத்தையும்
அவளே சொன்னாள்,
கடைசி இரண்டைக் கொஞ்சம் சத்தமாக.